மவுசர் சி96: கூம்புச் சுத்தியலா, தட்டைப்பக்கமா, சிவப்பு ஒன்பதா?

ஜெர்மனியின் பழைய கைத்துப்பாக்கியான மவுசர் சி96 ஒன்று வாங்கப் போதுமான பணம் கையில் இருக்கிறது, இரண்டுக்குப் போதாது. ஏலப் பட்டியலில் மூன்று இருக்கின்றன. ஒன்று 1890களின் இறுதியில் செய்த, கூம்புச் சுத்தியல் கொண்ட துப்பாக்கி; சுத்தியல் என்பது விசையை இழுத்ததும் பின்னாலிருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகம். இன்னொன்று பக்கங்கள் வழவழவென்று தட்டையாக இருக்கும் பெரிய வளையச் சுத்தியல் வகை. மூன்றாவது முதல் உலகப் போர்க்காலத்தது. மரப்பிடியில் 9 என்று செதுக்கிச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள். எதை எடுப்பது?

அழகு, விலை, அரிதான தன்மை என்று ஆளுக்கோர் அளவுகோல் வைத்திருப்பார்கள். நான் சுழலும் கட்டரால் எஃகைச் செதுக்கும் மில்லிங் இயந்திரத்தின் முன்னால் நின்று பிழைத்தவன். என் அளவுகோல் வேறு: இந்த இரும்பில் யாராவது பின்னாளில் கைவைத்திருந்தால் அது என் கண்ணுக்குத் தெரியுமா? முத்திரையைப் புதிதாக அடிக்கலாம். எண்ணை அழித்து வேறு எண் போடலாம். மரப்பிடியை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். ஆனால் கட்டர் வெட்டியெடுத்த எஃகு எடுத்ததுதான். அதைத் திரும்ப வைக்க முடியாது. வெல்டிங் வைத்து நிரப்பினாலும் மெருகு ஏற்றும்போது நிரப்பிய இடம் வேறு நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். எனவே மூன்றையும் அவற்றின் மீதுள்ள வெட்டுகளை வைத்தே ஒப்பிடப் போகிறேன்.

இந்த முறை மற்றத் துப்பாக்கிகளைவிட சி96-க்கு நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் ஓபர்ன்டோர்ஃப் ஊரின் மவுசர் ஆலையில் ஃபீடர்லே சகோதரர்கள் மூவர் உருவாக்கிய வடிவம் இது. 1895-இல் பால் மவுசரின் பெயரில் காப்புரிமை பெற்றார்கள். சட்டகமும் விசைக்கு முன்னால் தொங்கும் தோட்டா அறையும் ஒரே எஃகுக் கட்டியிலிருந்து செதுக்கியவை. குழலும் அதன் பின்னால் நீளும் பகுதியும் அதுபோலவே ஒரே துண்டு. உள்ளிருக்கும் இயக்கப் பாகங்களில் ஆணியோ திருகோ கிடையாது; ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. மரப்பிடியைப் பிடித்திருக்கும் திருகு மட்டும்தான் முழுத் துப்பாக்கியிலும் திருகு. அதாவது, ஏறக்குறைய ஒவ்வொரு பரப்பும் ஏதோ ஒரு கட்டரின் வேலை. இன்னொரு ஜெர்மன் கைத்துப்பாக்கியான லூகரில், தோட்டா உட்காரும் குழலறையின் மேலே ஆண்டு பொறித்திருக்கும் வகைகள் ஏராளம், படித்தால் போதும். சி96-இல் பெரும்பாலும் ஆண்டே இருக்காது. அதன் வயதை இரும்பின் வடிவத்திலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வடிவம் மாறிய வரிசையை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1896 முதல் 1899 வரை வந்தவற்றில் சுத்தியலின் இரு பக்கமும் படிப்படியாகக் குறுகும் கூம்பு இருக்கும். சட்டகத்தின் பக்கங்களில் செவ்வகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். 1899 வாக்கில் கூம்பு போய் நடுவில் பெரிய துளையுள்ள வளையச் சுத்தியல் வந்தது. அதே காலத்தில் பக்கப் பள்ளங்களும் மறைந்தன. இவைதான் தட்டைப்பக்கத் துப்பாக்கிகள். சுமார் 1902 வரை இப்படியே ஓடிற்று. பிறகு பள்ளங்கள் திரும்பி வந்தன. முதலில் மேலோட்டமாக, பின்னர் ஆழமாக. 1904-ஐ ஒட்டி வளையமும் சிறியதாயிற்று. போர்க்காலத் துப்பாக்கிகள் எல்லாம் ஆழமான பள்ளமும் சிறிய வளையமும் கொண்டவை.

பட்டறைக்காரனாக எனக்குத் தட்டைப்பக்கத்தின் காரணம் விளங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சட்டகத்தைப் பிடியில் இறுக்கி, கட்டரை இறக்கி, மூலைகளைச் சுற்றி வர வேண்டும். இரு பக்கமும் இந்த வேலையை விட்டுவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சம்! துப்பாக்கியின் இயக்கத்துக்கு அந்தப் பள்ளங்களால் எந்தப் பயனும் இல்லை. எடை கொஞ்சம் குறையும், பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி கூம்புச் சுத்தியலைப் பார்ப்போம். ஆசையை அதிகம் கிளறுவது இதுதான். சர்ச்சில் 1898 செப்டம்பர் 2-ஆம் தேதி சூடானின் ஒம்துர்மான் போரில் குதிரைமேல் கொண்டுபோனது இந்தக் காலத்து மவுசர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பம்பாய்த் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும்போது அவருடைய தோள்பட்டை நழுவியிருந்தது. வாள் வீச நம்பிக்கை வரவில்லை. லண்டனில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கடையில் வாங்கிய மவுசர் அந்த இடத்தை நிரப்பியது. அப்படிக் கடையின் பெயர் பொறித்த துப்பாக்கிகளுக்கு இன்றும் தனி மதிப்பு.

சட்டப்படியும் இதற்கு ஓர் அனுகூலம் உண்டு. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், 1898-ஆம் ஆண்டு முடிவுக்குள் செய்தவற்றைத் தொன்மைப் பொருள் என்று பிரிக்கிறது. துருக்கிப் படைக்காக 1897-இல் செய்த 1000 கூம்புச் சுத்தியல் மவுசர்கள் இந்தக் கோட்டுக்கு உள்ளே வந்துவிடுகின்றன. சாதாரண விற்பனைக்கு வந்த கூம்புச் சுத்தியல்களில் கடைசியாகச் செய்தவை கோட்டைத் தாண்டிப் போகின்றன. எல்லாக் கூம்பும் தொன்மை என்று நினைத்து வாங்குபவர் ஏமாறுவார். அங்கும் மாநிலச் சட்டங்கள் தனித்தனி. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழம்பொருள் என்று விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான். சுடக்கூடிய மவுசருக்கு வயது எவ்வளவு ஆனாலும் அந்த விலக்கு கிடைக்காது.

சரி, கூம்புச் சுத்தியல் என் சோதனையில் எப்படி நிற்கிறது? இங்கேதான் தயங்குகிறேன். இந்த வகைக்குப் பெயர் கொடுத்த பாகமே கழற்றி மாட்டக்கூடியது. பெயரைத் தாங்கும் பாகம் மாறக்கூடியதாக இருந்தால் அடையாளத்தின் பாதி ஆடிப்போகிறது. சுத்தியலின் மீதுள்ள எண் சட்டகத்தின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. மவுசர் ஆலை சிறு பாகங்களிலும் வரிசை எண்ணையோ அதன் கடைசி இலக்கங்களையோ அடித்திருக்கும். அதோடு நிற்காமல் பக்கப் பள்ளங்களுக்குப் போங்கள். கோட்பாட்டளவில் ஒரு தட்டைப்பக்கச் சட்டகத்தில் பள்ளம் வெட்டி அதைப் பழையதுபோல் காட்ட முடியும். இரும்பைக் குறைக்கிற வேலைதானே. அப்படி வெட்டியதைக் கண்டுபிடிக்க மூலைகளைப் பார்க்க வேண்டும். பள்ளத்தின் உள்மூலை வட்டமாகத்தான் இருக்கும். அதன் வளைவு, வெட்டிய கட்டரின் விட்டத்தில் பாதி. ஒரே துப்பாக்கியில் ஒரு மூலை ஒரு வளைவிலும் இன்னொரு மூலை வேறு வளைவிலும் இருந்தால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும். பள்ளத்தின் தரையில் கட்டர் போன தடம் மெல்லிய கோடுகளாக, பழைய நீல மெருகுக்கு அடியில் படிந்திருக்க வேண்டும். மெருகு வெளியே ஒரு சாயலிலும் பள்ளத்துக்குள் வேறு சாயலிலும் இருந்தால் விட்டு விலகுங்கள். உறுதியாகத் தெரிந்த ஒரு துப்பாக்கியின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பள்ளத்தின் ஓரக்கோட்டை ஒப்பிடாமல் இந்த வகையில் பணம் போடக்கூடாது.

எண்ணை மட்டும் நம்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துருக்கி ஒப்பந்தத்துக்கு 1 முதல் 1000 வரை தனி வரிசை. இத்தாலியக் கடற்படை 1899-இல் கேட்ட 5000 துப்பாக்கிகளுக்கு 1 முதல் 5000 வரை இன்னொரு தனி வரிசை. ஜெர்மனியின் பிரஷ்யப் படைக்கு 1916-இல் தொடங்கிய ஒன்பது மில்லிமீட்டர் ஒப்பந்தத்துக்கும் 1-இல் தொடங்கும் வரிசை. ஆக, 700 என்ற எண்ணோடு இந்த மூன்று ஒப்பந்தங்களில் மட்டுமே மூன்று வெவ்வேறு மவுசர்கள் இருந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே 19 ஆண்டு இடைவெளி. சிறிய எண்ணைக் கண்டு தொடக்ககாலத் துப்பாக்கி என்று மயங்குபவரைக் காப்பாற்றுவது பக்கத்தில் இருக்கும் பள்ளமும் சுத்தியலின் வடிவமும்தான்.

தட்டைப்பக்கத்துக்கு வருகிறேன். என் மனம் முழுக்க இங்கே இருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

பள்ளமுள்ள சட்டகத்தைத் தட்டையாக்க என்ன செய்ய வேண்டும்? பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு எஃகை இரு பக்கத்திலும் முழுவதுமாகச் சீவி எடுக்க வேண்டும். எடுத்தால் சட்டகம் மெலியும். மெலிந்ததை வெர்னியர் காலிப்பர் ஒரு நொடியில் சொல்லிவிடும். அளவுகோலே இல்லாவிட்டாலும், மேலே முன்னும் பின்னும் நகரும் குழல் பகுதியையும் கீழே இருக்கும் சட்டகத்தையும் சேரும் இடத்தில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சீவிய துப்பாக்கியில் கீழ்ப்பகுதி உள்ளே வாங்கியிருக்கும். மரப்பிடி உட்காரும் ஓரத்திலும் அதே கதை: மரம் வெளியே துருத்தும், இரும்பு உள்ளே இருக்கும். பக்கத்தில் இருந்த எழுத்துகளும் முத்திரைகளும் சீவலோடு போயிருக்கும். புதிதாக அடித்திருந்தால் எழுத்தைச் சுற்றி உலோகம் லேசாக மேடிட்டு நிற்கும். ஆலையில் எழுத்துக்குப் பிறகு பரப்பைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் அந்த மேடு இருக்காது.

இதனால்தான் மூன்றில் போலி செய்ய மிகக் கடினமானது தட்டைப்பக்கம் என்கிறேன். எதுவும் வெட்டாமல் விட்ட பரப்பு அது. வெட்டாததைப் பின்னால் வெட்டலாம்; வெட்டியதை வெட்டாததாக ஆக்க முடியாது.

அதற்கும் ஒரு பகை உண்டு: பஃபிங் சக்கரம். பள்ளமில்லாத பெரிய பரப்பைக் கண்டால் பழைய பொருளைப் பளபளப்பாக்கி விற்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. சக்கரம் பட்ட பரப்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஜன்னல் சட்டத்தின் பிம்பம் நேர்கோடாக விழ வேண்டும். நெளிந்தால் பரப்பு அலை அலையாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எழுத்துகளின் ஒரு பக்க ஓரம் மட்டும் மழுங்கி, சக்கரம் சுழன்ற திசையில் இழுபட்டதுபோல் இருக்கும். ஓரக்கோடுகள் கத்தியின் முனைபோல் இருக்க வேண்டிய இடத்தில் சோப்புக்கட்டியின் முனைபோல் உருண்டிருக்கும். இப்படித் தேய்ந்ததை ஒருபோதும் எடுக்க வேண்டாம். மெருகு பாதி போய்ச் சாம்பல் நிறமாகி, ஆனால் ஓரங்கள் கூர்மையாக நிற்கும் துப்பாக்கி அதைவிடப் பத்து மடங்கு மேல்.

தட்டைப்பக்கத்தில் எதைத் தேடுவது? இத்தாலியக் கடற்படைத் துப்பாக்கிகள் அனைத்தும் தட்டைப்பக்கமும் பெரிய வளையமும் கொண்டவை. ஒப்பந்தம் தெளிவானது, எண் வரிசை தெளிவானது. DV என்ற எழுத்து முத்திரையும் மகுடத்தின் கீழ் AV என்ற முத்திரையும் அவற்றின் அடையாளம். கப்பலில் உழைத்தவை என்பதால் பலவற்றில் மெருகு குறைவு; அதற்காக மனம் தளர வேண்டாம். நியூயார்க்கின் வான் லெங்கெர்க் அண்ட் டெட்மோல்ட் கடையின் பெயர் தாங்கிய விற்பனைத் துப்பாக்கிகளும் உண்டு. கடைப்பெயரை எழுத்தின் ஓரத்தைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. எழுத்து அடிப்பது எளிது.

இங்கே ஒரு கிளைவழி. தட்டைக்கும் ஆழத்துக்கும் இடையில் வந்த மேலோட்டப் பள்ளத் துப்பாக்கியைச் சிலர் அரிது என்று துரத்துகிறார்கள். எனக்கு அதில் பயம் அதிகம். ஆழமான பள்ளமுள்ள துப்பாக்கியைப் பலமாகத் தேய்த்தால் அதுவும் மேலோட்டமாகத்தான் தெரியும். தட்டைப்பக்கத்தில் மெல்லிய பள்ளம் வெட்டினாலும் அப்படியே. இரு பக்கத்திலிருந்தும் பொய் வரக்கூடிய ஒரே வகை இதுதான். ஆழ அளவி கையில் இல்லாமல் அருகில் போகாதீர்கள். உண்மையான மேலோட்டப் பள்ளத்தில் எல்லா மூலையிலும் ஆழம் ஒரே அளவாக இருக்கும், விளிம்பு கூர்மையாக இறங்கும். தேய்த்துக் குறைத்ததில் நடுப்பகுதி ஒரு அளவு காட்டும், ஓரம் இன்னொரு அளவு காட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரண்டு காலத்தின் அடையாளங்கள் ஒரே துப்பாக்கியில் கலந்திருப்பதைக் கண்டதும் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த ஆலையும் புதிய வரைபடம் வந்த நாளில் கையிருப்புப் பாகங்களைக் குப்பையில் கொட்டாது. முடித்து வைத்த சட்டகங்கள் தீரும்வரை புதிய சுத்தியலோடு சேர்ந்து வெளியே போகும். அப்படிக் கலந்தவற்றில் எண்கள் எல்லாப் பாகத்திலும் ஒத்துப்போகும், எழுத்தின் வடிவம் ஒரே கையாக இருக்கும், தேய்மானமும் சீராக இருக்கும். பிற்காலத்தில் கலந்தவற்றில் இவற்றில் ஒன்றாவது பிசகும்.

சிவப்பு ஒன்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதன் அடையாளம் வெட்டுகளில் இல்லை என்பதே அதன் குறை. பிரஷ்யப் படை 1,50,000 கேட்டது; ஏறத்தாழ 1,37,000 வழங்கினார்கள். லூகரின் 9 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடும்படி செய்ததால், படைவீரர் தவறி மவுசரின் வழக்கமான 7.63 மில்லிமீட்டர் தோட்டாவைத் திணித்துவிடாமல் இருக்க மரப்பிடியில் அந்தச் சிவப்பு எண். சட்டகம் அதே காலத்து விற்பனைத் துப்பாக்கியுடையதுதான். பள்ளமும் அதே பள்ளம். ஆக, சாதாரணத் துப்பாக்கியின் குழலை மாற்றி, மரத்தில் 9 செதுக்கினால் பார்வைக்குச் சிவப்பு ஒன்பது தயார். 1980களில் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பெருமளவில் வந்த மவுசர்களில் குழல் தேய்ந்துபோனவற்றுக்கு 9 மில்லிமீட்டர் உள்குழல் போட்டு விற்றதும் உண்டு. உண்மையானதைத் தீர்மானிப்பவை வேறு சாட்சிகள்: தோட்டா அறையின் முன்முகத்தில் பிரஷ்யக் கழுகு, குழலறையில் மகுடமிட்ட எழுத்து முத்திரைகள், விற்பனை வகையில் 1000 மீட்டர் வரை போகும் பின்குறி (இலக்கைக் குறிபார்க்கப் பின்பக்கம் இருக்கும் அளவுகோல்) இதில் 500 மீட்டரில் நிற்பது. 1920 என்று அடித்து, குழலைக் குறுக்கிய சிவப்பு ஒன்பதுகளும் கிடைக்கும்; வெர்சாய் உடன்படிக்கைக்குப் பிறகு குழல் 100 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால் செய்த வேலை அது. அதுவும் வரலாறுதான், ஆனால் வெட்டிய குழல் வெட்டியதே.

ஒரு விஷயத்தில் எனக்குச் சிவப்பு ஒன்பதின்மேல் அன்பு உண்டு. போரின் அவசரம் அதன் இரும்பில் தெரிகிறது. 1890களின் துப்பாக்கியில் ஆலைத் தொழிலாளி தேய்த்துத் தேய்த்து மறைத்த கட்டர் தடங்களைப் போர்க்காலத்தில் அப்படியே விட்டு மெருகு ஏற்றிவிட்டார்கள். பக்கத்தைச் சாய்த்தால் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளை ஒருவர் எமரித் தாளால் தேய்த்து அழகுபடுத்தியிருந்தால் துப்பாக்கி தன் காலத்தை இழந்துவிட்டது. பழையதில் கட்டர் தடம் வெளியே தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். இதில் தெரியாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

சாடையில் சி96 போலவே இருக்கும் ஸ்பெயின் நாட்டு அஸ்ட்ரா 900-ஐ யாராவது மலிவாகக் காட்டினால் குழம்ப வேண்டாம். அதன் இடப்பக்கத்தில் வழுக்கிக் கழலும் மூடி இருக்கும்; உள்ளே ஆணிகள் இருக்கும். ஓபர்ன்டோர்ஃப் சட்டகத்தில் அப்படி ஒரு மூடிக்கு இடமே கிடையாது.

என் முடிவு இது. தொன்மைச் சட்டத்தின் கோட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே உங்கள் முதல் தேவை என்றால் கூம்புச் சுத்தியல்தான் வழி; ஒப்பிட்டுப் பார்க்க அனுபவமுள்ள ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். முதல் உலகப் போரைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் கழுகு முத்திரை தெளிவான சிவப்பு ஒன்பது. இவை இரண்டும் இல்லாமல், முதல் மவுசரை வாங்கி மன நிம்மதியோடு வைத்திருக்க நினைப்பவருக்குத் தட்டைப்பக்கத்தையே சொல்வேன். அதிலும் எண்கள் பொருந்திய, மெருகு மங்கிய, ஓரம் மழுங்காத இத்தாலியக் கடற்படைத் துப்பாக்கி கிடைத்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

பார்க்கப் போகும்போது ஒரு வெர்னியர், ஓர் ஆழ அளவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சிறு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியா என்று நீங்களே சோதித்துவிட்டு, முதலில் மரப்பிடியைக் கழற்ற அனுமதி கேளுங்கள். நூறு ஆண்டுக்கு மேல் மரத்துக்கு அடியில் மறைந்திருந்த அந்தச் சிறு இரும்புப் பகுதியில்தான் ஆலையின் அசல் மெருகும் அசல் கட்டர் தடமும் தொடாமல் இருக்கும். அதை மனத்தில் பதித்துக்கொண்டு வெளிப்பக்கத்தைப் பாருங்கள்.